தடைக்காலத்தில் ஒரு வாடகை வீடு

எங்கள் ஊர்க்காரர்கள் ராமேஸ்வரம் போவதற்குக் காரணம் வேண்டும். திதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்த்தமாட வேண்டும். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காச்சல் கீச்சல் ஒண்ணும் இல்லையே?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்லும். பசுமலையில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். காலையில் அடுப்பு, பகலில் பிள்ளைகள், சாயங்காலம் மறுபடி அடுப்பு. கல்யாணமான மறுநாள் ஆரம்பித்த ஒரு கேள்வி இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை. "இன்னைக்கு என்ன கொழம்பு?" பல் விளக்கிக்கொண்டே கேட்பார். பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகும், இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான் என்றாலும், அந்தக் கேள்வி மட்டும் குறையவில்லை. இந்த மே மாத லீவில் ரெண்டே ரெண்டு நாள், அதை யாரும் கேட்காத இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அவரிடம் வாய்விட்டே சொன்னேன். "சரி, போவோம்" என்றார்.

போனில் தேடித் தேடி ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். பாம்பன் பாலம் தாண்டி, கோயில் கூட்டம் எட்டாத ஒரு மீனவர் குடியிருப்பு. ரெண்டு அறை, முன்னால் வேப்பமரம், மரத்துக்கு அந்தப் பக்கம் மணலும் தண்ணீரும். அதை வாடகைக்கு விடும் பெண்ணிடம் பேசினேன். சின்ன வயசுக் குரல்.

"சாப்பாடு நானே கொண்டாந்து தந்துருவேன்க்கா. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க."

சும்மா இருங்க! என்னிடம் அப்படி ஒருத்தர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றேன்.

அதோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எங்கள் சொந்தத்தில் ஒரு முறை இருக்கிறது. எங்கே கிளம்பினாலும் பங்காளி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அடுத்த காதுகுத்தில் பந்தியில் வைத்துக் கேட்பார்கள். "நாங்க போகுறோம், நீங்களும் வாங்களேன்" என்று இவர்கள் சொல்ல வேண்டும். "இல்லப்பா, வேல கெடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்கள் சொல்ல வேண்டும். கூப்பிடுவது எப்படி முறையோ, மாட்டேன் என்பதும் அப்படியே முறை.

என் வீட்டுக்காரர் எழுமலையில் விவசாயம் பார்க்கும் அவர் அண்ணனுக்கு முறைப்படி ஒரு வார்த்தை சொன்னார். அவரோ முறையை மறந்துவிட்டார்.

"அடேய், கடக்கர வீடா! மீனு துள்ளத் துள்ளக் கெடைக்குமேப்பா. வாரோம், வாரோம்."

சாயங்காலத்துக்குள் வேன் பேசியாகிவிட்டது. எழுமலையில் ஒரு வீடு, உசிலம்பட்டியில் ஒரு வீடு, வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீடு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இத்தனை பேருக்குச் சோறாக்க முடியாது என்று அந்தத் தீவுப் பெண் பாவம் பதறினாள். பதறிவிட்டு, உதவி செய்வதாக நினைத்துச் சொன்னாள்: "சமையக்கட்டு பெருசுதான்க்கா. அண்டா கூட இருக்கு."

அண்டாவாம்!

என் நாத்தனார் போன் பண்ணினாள். அவளுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். "மதினி, மீன் கொழம்பு மட்டும் நீங்க வச்சிருங்க. உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? நான் புளியும் மசாலாவும் அரைச்சுக் கொண்டாந்துர்றேன்." அன்று அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"கூப்ட்டுட்டு எப்படி வேணாம்கிறது? மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் அவர் சங்கடத்துக்குக் குழம்பு வைப்பது நானல்லவா?

வேன் கிளம்ப நாலைந்து நாள் இருக்கும்போது, எவ்வளவு மீன் சொல்லிவைப்பது என்று கேட்க அவரே தீவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"மீனா? இப்பத் தடைக்காலம்லண்ணே. விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது. சித்திரை பொறந்ததும் கட்டிப்போட்டாக, இனி ஆனி பொறக்கணும். சின்ன வள்ளத்துல கொஞ்சம் பொடி மீன் வரும், அம்புட்டுதான்."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கு மீன் என்பது மார்க்கெட்டில் ஐஸுக்குள் கிடப்பது. எந்த மாதம் போனாலும் கிடக்கும். அதற்கு முட்டை போடும் காலம் உண்டு, கடலுக்கும் லீவு உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலுக்கு லீவு விடும் நேரம் பார்த்து, மீன் சாப்பிட வேன் பேசியிருக்கிறோம்.

குடும்பத்து வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் போட்டார். அதுவரை மறந்திருந்த முறை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. எழுமலையில் நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம். உசிலம்பட்டியில் யாருக்கோ மூட்டுவலியாம். "நீங்க போயிட்டு வாங்க" என்று வரிசையாக வந்தது. வேன் ரத்து. எனக்கு ஆடிப்பாட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் மறுபடி போன் பண்ணினாள். மீனுக்குப் பதில் நாட்டுக்கோழி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்பாள், ஒரு கை பார்த்துவிடலாம் என்று எடுத்தேன்.

"மதினி, வேன் இல்லேன்னா பரவால்ல. பஸ்ஸுல நான் மட்டும் வரட்டா?"

"அங்க மீன் கெடையாதும்மா."

"மீன் யாருக்கு வேணும்? அந்தப் பிள்ள சோறு கொண்டாந்து தருமாமே, நெசமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். "விடிஞ்சா எந்திரிச்சா இங்க ஒரே கேள்விதான் மதினி. இன்னைக்கு என்ன கொழம்பு, என்ன கொழம்புன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

அவளும் ஒரு அடுப்பின் முன்னால்தான் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவள் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

"வாத்தா, தாராளமா வா. ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணுல நீ, ஒண்ணுல நானும் உங்கண்ணனும்."

"அண்ணே எதுக்கு மதினி? அங்க வந்தும் மூணு நேரமும் காப்பி கேக்கும்."

நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முன்னாலேயே தீவுக்குப் போன் போட்டு, வருவது ரெண்டு பொம்பளைகள் மட்டும்தான் என்றேன். "வாங்கக்கா, படகு போகாததுனால கரையே அமைதியாக் கெடக்கு" என்றாள் அந்தப் பெண்.

அவர் சமையலறை வாசல் வரைக்கும் போனார், உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"அப்ப அந்த ரெண்டு நாளும் இங்க என்ன கொழம்பு?"

"கொழம்பு வைக்கிறவுகளத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்து வைக்கப் போனேன்.