முத்திரை விழுந்த நாளிலிருந்து

எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே அத்தை சமையலறை அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டார். சாஸ் பாட்டில், ரொட்டிப் பொட்டலம், அம்மா பத்திரமாக வைத்திருந்த இருமல் மருந்து என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, அச்சிட்டிருந்த தேதியைத் தேடினார். தேதி முடிந்ததெல்லாம் குப்பைப் பைக்குள் போனது.

“இதை யாருக்குக் கொடுக்க வச்சிருந்தீங்க அண்ணி? ஆகாதவங்களுக்கா?”

அம்மா சிரித்தார். ஆனால் அன்றே அத்தைக்கு ‘தேதி’ என்று பேர் வைத்துவிட்டார்.

அத்தை முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். தரை துடைக்கச் சேர்ந்தவர், பிறகு பெட்டி பிரித்து அடுக்கினார், பிறகு கவுன்ட்டருக்கு வந்தார். அதிகம் பேசாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருக்கும் சேர்த்துத் தானே பேசி வாழ்ந்தார். அவர் இறந்த பிறகு வீட்டில் உட்கார முடியாமல் மறு வாரமே கடைக்கு வந்து நின்றாராம். மாதக் கடைசியில் எல்லா மருந்தையும் இறக்கித் தேதி பார்த்து, முடிந்தவற்றை ஒதுக்கி வைப்பது அவருடைய பொறுப்பு. அவர் கை பட்ட அலமாரியை முதலாளி திரும்பப் பார்ப்பதில்லை.

அப்பா அவருக்கு அண்ணன். வேலைக்காக அப்பா இந்த நாட்டுக்கு வந்து ஒரு தலைமுறையே ஆகிவிட்டது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை ஊருக்குப் போனதோடு சரி. வீடியோவில் பேசலாமே என்றால், அத்தை போனைக் காதில்தான் வைத்துக்கொள்வார். திரையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய தோடு மட்டும்.

அப்பாவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. விமான நிலையத்தில் அத்தையின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, “அப்படியேதான் இருக்க பாப்பா” என்றார்.

“உனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லு.”

ஆபரேஷனுக்காகவே அத்தை வந்திருந்தார். ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார். “கட்டுப் பிரிக்கிறப்ப நான் எதிர்ல நிக்கணும். அதுக்குத்தான் வந்தேன். கட்டடமெல்லாம் படத்துல பாத்துக்கலாம்.”

ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. குறையட்டும் என்று சொல்லி, மருத்துவர் மூன்று வாரம் தள்ளிப் புதுத் தேதி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை பாஸ்போர்ட்டை எடுத்தார். விசாவில் செல்லுபடியாகும் கடைசி நாள் என்று போட்டிருந்த தேதியைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பாகவே அது முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பும் டிக்கெட்டையும் அதற்கு முந்தைய நாளுக்குத்தான் எடுத்து வைத்திருந்தார். கொடியில் காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

“இன்னும் நாள் இருக்கே அத்தை, இப்பவே எதுக்கு?”

“கடைசியில அவசரப்படக் கூடாது கண்ணு.”

அப்பா சோபாவில் உட்கார்ந்து, துணி மடிக்கும் சத்தம் வரும் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். தேதி விஷயத்தில் அத்தையைச் சந்தேகிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். சில நாளாவது நீட்டிக்க முடியுமா என்று கேட்கத்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு நீட்டிப்பு என்று கேட்டார். விசாவில் இருக்கும் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக. இவர் நுழைந்துவிட்டார். எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை வந்த அன்று குத்திய முத்திரையில் பார்க்க வேண்டும். அதில் அறுபது நாள் என்று இருக்கிறது. முத்திரை விழுந்த நாளிலிருந்து கணக்கு. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, இங்கே இப்படி என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுப் பிரித்து இரண்டு வாரத்துக்கு மேல் அத்தை இருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை, காலாவதியான மாத்திரையைக் கேட்கும் வாடிக்கையாளரைப் பார்க்கும் பார்வையாக இருந்திருக்க வேண்டும்.

“தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான். என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் பாக்கிறியா?”

மேஜைமேல் அப்பாவின் கண் சொட்டு மருந்து இருந்தது. அதைக் காட்டினேன். “இந்த டப்பாவில ஒரு தேதி இருக்கு. ஆனா மூடியைத் திறந்தா?”

“திறந்த நாள்ல இருந்து ஒரு மாசம்.”

“அதே மாதிரிதான் அத்தை. நீங்க திறந்தாச்சு.”

“நல்லா இருக்குடி உன் நியாயம். திறந்து ரெண்டாம் நாளே டப்பா தேதி வந்துட்டா? தூக்கித்தான் போடணும். யாரு கண்ணுல விடுவ அதை?”

அவர் சொன்னது சரி. டப்பாவை மேஜையில் ஓரமாகத் தள்ளி வைத்தேன். அம்மாதான் சொன்னார், “தேதி மேடம் நேர்லயே போய் விசாரிச்சுட்டு வரட்டுமே.”

அடுத்த நாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு அதே ஜன்னலுக்குப் போனேன். அத்தை கேட்கக் கேட்க நான் மொழிபெயர்த்தேன். வந்த நாளையும் சேர்த்துத்தான் கணக்கா? ஆமாம். விசா தேதி முடிந்த பிறகு யாராவது வந்து கேட்டால்? முத்திரையைக் காட்டினால் போதும். நடுவில் வெளிநாடு போய்விட்டுத் திரும்பினால்? முடியாது, இது ஒரு முறை மட்டும் நுழைவதற்கான விசா, புதிதாகத்தான் வாங்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அதிகாரி சலித்துக்கொள்ளவில்லை.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் சீட்டுடி இது! சீட்டு செல்லுற தேதிக்குள்ள கடைக்கு வந்து மருந்தை வாங்கிடணும். வாங்கின மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும்னு டாக்டர் தனியா எழுதியிருப்பார். சீட்டு தேதி போச்சுன்னு பாதியில நிறுத்துவாங்களா? நீ எதுக்குச் சொட்டு மருந்தைக் கொண்டுவந்து குழப்பின?”

இதை அதிகாரியிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சிரித்து, இனி மற்றவர்களுக்கும் இப்படியே சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் படியில் நின்றபடியே அத்தை முதலாளிக்குப் போன் செய்தார். வழக்கம்போல் காதோடு ஒட்டி வைத்திருந்தாலும் முதலாளியின் குரல் எனக்கும் கேட்டது.

“மாசக் கடைசிக்கு நீங்க இல்லாம நான் என்னம்மா பண்ணுவேன்?”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்களே பாருங்க. எங்க அண்ணனுக்குக் கண்ணு வரப்போகுது.”

போனை வைத்ததும் என்னிடம் டிக்கெட்டை மாற்றச் சொன்னார். படியிலேயே நின்று மாற்றினேன்.

ஒரு கண்ணுக்கு மட்டும் முதலில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும் அறையில் அத்தை சொன்னபடியே எதிரில் நின்றார். நர்ஸ் பஞ்சை மெல்ல எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அப்பா இமைத்தார். திரும்பவும் இமைத்தார். அத்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு விரலை நீட்டி அவருடைய இடது புருவத்தைத் தொட்டார்.

“இது எப்ப பாப்பா?”

“எது?”

“இந்தத் தழும்பு.”

“ஓ, அதுவா? கடை ஷட்டர் மேல விழுந்துடுச்சு. அவர் தவறிப்போன வருஷம். பழைய கதை அண்ணா.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“போன்ல சொல்லி? நீ இங்க உக்காந்து தவிக்கவா?”

“யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?”

“யாரு கூட்டிட்டுப் போவா? துணியை அழுத்திப் பிடிச்சிக்கிட்டு நானே நடந்து போனேன்.”

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. முதல்ல இருந்து சொல்லு.”

அத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் காத்திருக்கிறார் என்று நர்ஸ் சொன்னார். அப்பாவுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும், ஆனால் காதில் விழாதவர்போல் இருந்தார். அத்தைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.