நீல டைல்ஸ் வண்டிக்கு ஆர்.சி.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். சமையல் கவரைப்பேட்டையில் என் வீட்டில். கொண்டுபோக வாடகை ஆட்டோ. ஆட்டோக்காரன் வந்தால் சோறு போகும். வராத நாளில் ஆட்கள் தட்டோடு நிற்பார்கள். பேச்சு வாங்குவது நான்.

கம்பெனி மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டார்.

"சொந்த வண்டி வச்சுக்கோம்மா. கேட்டுக்குள்ள வரணும்னா ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சரியா இருக்கணும். பொங்கலுக்குள்ள பாரு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. என் கையில இல்ல."

வண்டி இருந்தது. பேப்பர்தான் இல்லை.

என் வீட்டுக்காரர் வெல்டர். காயலான் கடையில் செடி முளைத்துக் கிடந்த குட்டி யானை லோடு வண்டி ஒன்றை வாங்கி வந்து, லீவு நாட்களில் உட்கார்ந்து கட்டினார். இன்ஜின் வேறொரு வண்டியுடையது. அதற்கு மட்டும் பில் இருந்தது. கேபின், கதவு, தொட்டி எல்லாம் அவர் கைவேலை. பார்த்தவர்கள் புது வண்டி என்றார்கள்.

முன்னால் அது மீன் வண்டி. அதை ஓட்டியவர் தொட்டியில் சிமெண்ட் பூசி, நீலப்பூ போட்ட பாத்ரூம் டைல்ஸ் துண்டுகளைப் பதித்திருந்தார். ஐஸ் தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக. என் வீட்டுக்காரர் உடைத்து எடுக்கும்போது சிரித்தார்.

"எவனோ வண்டில பாத்ரூம் கட்டிக்கீறான்டி."

அடியில் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உப்புத் தண்ணீர் டைல்ஸுக்குக் கீழே இறங்கி இரும்பைத் தின்றிருந்தது. சேசிஸ் நம்பர் அடித்திருந்த இடமும் போயிருந்தது. கடைசி நாலு எழுத்துதான் மிச்சம். நம்பர் பிளேட்டும் கிடையாது.

காயலான் கடைக்காரரிடம் போனோம். எடைக்கு வாங்கி எடைக்கு விற்றவர். பில்லும் இல்லை, யாரிடம் வாங்கினார் என்பதும் நினைவில்லை.

"இதுக்கா பேஜாராவற? ஆக்சிடென்ட் வண்டி ஒண்ணு நசுங்கிக் கெடக்குது. பேப்பரு கிளீனா கீது. அந்த நம்பர இதுல அடிச்சிக்கோ. ஊர்ல பாதிப் பேரு அப்டித்தான் ஓட்டிக்கினு கீறான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நம்பர் அடிப்பது அவருக்கு டீ குடிக்கிற நேரத்து வேலை.

"வேணாம்" என்றேன். "மாட்டுனா உள்ள போறது இவரு. நீயா ஜெயிலுக்குச் சோறு எடுத்துக்கினு வருவ?"

"அவ்ளோ பயமிருந்தா வண்டியத் திருப்பி எடைக்கே போடு."

"போட மாட்டேன். எந்த ஊரு வண்டி, அத மட்டும் சொல்லு."

கொஞ்ச நேரம் காது குடைந்தார். "பழவேற்காடு" என்றார். அதோடு சரி.

அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். பிரேக் இன்ஸ்பெக்டர் வெயிலில் நின்றபடியே கேட்டார்.

"வண்டி யாரோடது?"

"என்னுது சார்."

"உன்னுதுன்னு நீ சொல்ற. ரெக்கார்டு சொல்லணுமே."

புது வண்டி என்று பதிய முடியாது என்றார். யார் பெயரிலோ இது ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆளின் ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு இந்த நாலு எழுத்து ஒத்துப்போக வேண்டும். திருட்டு வண்டி இல்லையென்று போலீஸ் எழுதித் தர வேண்டும். பிறகு மறுபடி நம்பர் அடிக்க ஆர்டர் போடுவார்கள். அதற்கும் பிறகுதான் பெயர் மாற்றம்.

"அந்த ஆளு கெடைக்கலன்னா சார்?"

"அப்ப இது வண்டி இல்லம்மா. இரும்பு."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கு அது பிடித்தது.

டைல்ஸ் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இவரும் வந்தார். மீன் ஏலம் போடும் இடத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் துண்டைக் காட்டினேன்.

"இந்த டைல்ஸ் போட்ட மீன் வண்டி யாருதுன்னு தெரியுமாக்கா?"

அவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். "ஐய, பாத்ரூம் வண்டிடி! நம்ம பாயோடது. மனுசன் குளிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல மீனுக்கு டைல்ஸ் ஊடு கட்டுனாரு." பிறகு குரலை இறக்கினார். "பாவம், இப்பத்தான் பூட்டாரு. ஊடு அதோ, மசூதிக்குப் பின்னால."

வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆம்பளங்க இருந்தா வராதீங்க. நான் இத்தாவுல கீறேன்."

புருஷன் இறந்தபின் நாலு மாசம் பத்து நாள் அவர்கள் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. அது முடிவதற்குள் பொங்கல் தாண்டிவிடும். இவர் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார். நான் செருப்பைக் கழற்றினேன்.

என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்.

"உங்க ஊட்டு வண்டி எங்கிட்ட கீதுக்கா."

"எந்த வண்டி? அது எடைக்குப் போயி எத்தினியோ காலம் ஆவுது."

டைல்ஸை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நானும் போனேன். குளிக்கும் அறைச் சுவரில் இடுப்பு உயரம் வரைதான் நீலப்பூ. அதற்கு மேல் வெறும் சிமெண்ட்.

"மேல ஒட்ட டைல்ஸ் எங்கன்னு கேட்டேன். மீனுக்குப் போட்டுட்டேன்னாரு." துண்டைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "ஒரு வாரம் அந்த மனுசங்கூட பேசல நானு."

சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும். அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வந்த விஷயத்தைப் பிறகு சொன்னேன். ஆர்.சி.யை அவர்கள் எறியவில்லை. வண்டிக்கு டாக்ஸ் கட்டச் சொல்லி இன்னமும் லெட்டர் வருகிறதாம். அதை நானே கட்டிவிடுகிறேன் என்றேன். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். சீட்டில் எழுதிக் கொண்டுபோன நாலு எழுத்தோடு விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலும் ஒத்தது.

வண்டியை முதலில் அந்த அம்மா பெயருக்கும், பிறகு என் பெயருக்கும் மாற்ற வேண்டும். வாரிசு சான்றிதழை, அடக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தபோதே மகன் வாங்கியிருந்தார். ஆர்.டி.ஓ. ஃபாரங்களோடு மறுபடி போனேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். அடுத்தது ஓடிபி. அவர் போனுக்கு நம்பர் வரும். அதைச் சொன்னால் என் போனில் காத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் பெண் அங்கே போடுவாள்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் மகன் கூப்பிட்டார். அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"உம்மா, ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லாத. பேங்க்ல இருக்கிறத தொடச்சிட்டுப் பூடுவாங்க. யாருன்னே தெரியாது, டைல்ஸ தூக்கினு வந்துட்டாங்கன்னு நீ பாட்டுக்கு..."

"தம்பி" என்றேன். "நம்புன்னு நான் சொல்லல. மெசேஜ உங்கம்மா உங்களுக்குப் படிச்சிக் காட்டட்டும். வண்டிக்குன்னு இருந்தா சொல்லட்டும். பேங்க்குன்னு இருந்தா நான் எழுந்து பூடறேன்."

"நாளைக்கு வண்டில ரேஷன் அரிசி கடத்துனீங்கன்னா?"

"அதுக்குத்தான் தம்பி பேரு மாத்தணும். இன்னிக்கி எவன் கடத்துனாலும் உங்க வாப்பா பேர்லதான் கேஸு."

என் போனில் அந்தப் பெண் கத்தினாள். "அக்கா, டைம் முடிஞ்சிபோச்சி! திரும்ப அனுப்பறேன்!"

இரண்டாவது ஓடிபி வந்தது. அந்த அம்மா மெசேஜை மகனுக்கு முழுதாகப் படித்துக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோ."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மகன் தடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பல தடவை உட்கார்ந்தேன். வண்டி களவு போனதாக எங்கும் புகார் இல்லையென்று எழுதிக் கொடுத்தார்கள். நம்பர் அடிக்க ஆர்டர் வந்தது. அடிக்க வேறு ஆள் இருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் அசைந்தது. அடித்து முடித்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். எல்லா எழுத்தும் தெரிந்தது.

எஃப்.சி. பரிசோதனையில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, மட்கார்டு சின்னது. சரிசெய்துகொண்டு மறுநாளே போய் நின்றோம்.

"இன்னும் விடலயா நீ?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்."

பொங்கலுக்கு முந்தின வாரம் தபாலில் ஆர்.சி. கார்டு வந்தது. என் பெயர் இருந்தது. இவரிடம் கொடுத்தேன். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சோற்றை ஏற்றிக்கொண்டு போனோம். கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு பேப்பரையும் வாங்கிப் பார்த்தார். குனிந்து சேசிஸையும் பார்த்தார். போன் போட்டு யாரிடமோ கேட்டார். கேட்டின் குறுக்குக் கம்பு மேலே எழுந்தது.

வண்டி கிளம்பவில்லை. வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியை வீட்டிலும் தள்ளித்தான் கிளப்பியிருந்தோம்; பேப்பர் பார்க்கும்போது இவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பேட்டரி இறங்கியிருந்தது. இவர் சாவியைத் திருகுகிறார், இன்ஜின் முனகி நின்றுவிடுகிறது. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இன்னாம்மா, பேப்பரு ஓடுது, வண்டி ஓடல?" என்றார் செக்யூரிட்டி. "வழிய வுடு. ஓரமா வெளிய தள்ளிக்கோ."

"வெளிய எதுக்குத் தள்றது?"

இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். அண்டாக்களோடு சேர்ந்து நல்ல கனம். கால் ஊன்றித் தள்ளினேன். முதலில் அசையவில்லை. பிறகு முன்சக்கரம் கம்பைத் தாண்டியது. பின்சக்கரமும் தாண்டியது. உள்ளே கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஸ்டார்ட் ஆனது.