மந்திரியார் கொடுத்த திறப்பு

டென்மார்க்கின் சமூக அலுவலகத்தில் அவரைப் பற்றி இப்படிப் பதிந்து வைத்திருந்தார்கள்: ஆண். வயது ஐம்பத்தெட்டு. மனைவியை இழந்தவர். பயிற்சியற்ற தொழிலாளி. தலைமைப் பொறுப்பில் அனுபவம் இல்லை. முன்முயற்சி குறைவு. குறிப்பிடத்தக்க திறமைகள் இல்லை.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஈரானில் புரட்சிக்காரரின் பத்திரிகை ஒன்று அதே மனிதரைப் பற்றி, மக்களின் இரத்தத்தை உறிஞ்சியவர், இறைவனின் பகைவர், மூன்று மாளிகைகளுக்குச் சொந்தக்காரர் என்று எழுதியிருந்தது. இரண்டும் ஒத்துப்போகிற இடம் பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் பெஹ்ரூஸ் அத்தாபகி. மன்னர் காலத்தில் வீடமைப்புத் துணையமைச்சராக இருந்தவர்.

அலுவலகத்தைக் குறை சொல்வதற்கில்லை. எழுதியவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்கள்தான் அவை. தலைமை தாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். நானெல்லாம் என்ன, ஒரு தூசு என்றார் அவர். அவருடைய நாட்டில் மரியாதை தெரிந்தவன் அப்படித்தான் சொல்லவேண்டும். கேட்டவர் உடனே பதறி, அப்படிச் சொல்லாதீர்கள், எங்கள் தலையில் வைக்கவேண்டியவர் நீங்கள் என்று மறுக்கவேண்டும். மூன்றாம் சுற்றில்தான் உண்மை மெல்ல வெளியே வரும். டென்மார்க்கில் முதற் சுற்றிலேயே தட்டச்சு அடித்துவிட்டார்கள். தன்னைத்தானே குறைத்துப் பொய் சொல்ல ஒரு மனிதன் அலுவலகத்துக்கு வருவான் என்று அந்தப் பெண் எப்படி நினைப்பாள்?

இதன் பயனாக மந்திரி இக்காஸ்ட் என்ற சிறு நகரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் மாலை ஷிப்டில் சுவெற்றர் மடித்தார். 1987 இலையுதிர்காலத்தில் அவருக்கு எதிர்ப்பக்க மேசையில் நின்று மடித்தவர் மன்னாரைச் சேர்ந்த குருசுமுத்து. ஊரில் ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி மேரிசெலினையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து, அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். குருசுமுத்து என்ற பெயரின் முற்பாதி அத்தாபகியின் வாயில் கூரோஷ் ஆனது. அது ஈரானின் ஆதி மன்னன் ஒருவனுடைய பெயர். இது சிலுவையிலிருந்து வந்த பெயர் என்று குருசுமுத்து எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். மன்னராட்சிக்காரர் கேட்கவில்லை.

அவர் மந்திரியாக இருந்தவர் என்பதை எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் நம்பவில்லை. குருசுமுத்துவோடு ஒரே வீட்டில் இருந்த யேசுரட்ணம் அதை வெளிப்படையாகவே சொன்னார். “ஈரானியரிலை ஆரைக் கேட்டாலும் ஒண்டில் கேணல், இல்லாட்டி மந்திரி. தோட்டக்காரன் ஒருத்தனும் தப்பி வரேல்லையோ?” எங்களிலும் இருபது பரப்புக் காணிக்குக் குறைய வைத்திருந்தவர் ஒருவரும் டென்மார்க்குக்கு வந்து சேரவில்லை என்பது யேசுரட்ணத்துக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. கேலிக்காக வைத்த மந்திரியார் என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பிறகு அது உண்மை என்று தெரிந்தபோது, கேலிக்கு வேறு பட்டம் தேடுகிற அலுப்பில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

உண்மை இதுதான். மன்னர் தன் நாட்டை அவசரமாக நவீனமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அத்தாபகி இங்கிலாந்தில் கட்டடப் பொறியியல் படித்துத் திரும்பியவர். அந்த அவசரம் அவருக்குப் பிடித்திருந்தது. தான் கைநீட்டி ஒரு சதம் வாங்கியதில்லை என்பதையும், வாங்கியவர்களைக் கண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார். ஆட்சியின் கடைசிக்கு முந்தின வருடம் தலைநகரின் தெற்குப் புறத்தில் குடிசைகள் நெருங்கிய ஓரிடத்துக்குப் போய், கம்பளம் விரித்த மேடையில் நின்று, இந்த வீடுகள் உங்களுடையவை என்று பேசினார். வீடுகள் மேடையில் ஒரு மேசைமேல் இருந்தன. சாந்தில் செய்து நிறம் பூசிய மாதிரி வீடுகள். கூட்டம் கை தட்டியது. அடுத்த மாதம் புல்டோசர் வந்து குடிசைகளைத் தள்ளியது. அதற்கு அடுத்த மாதம் ஒரு கொத்தனார் பாயும் தலையணையுமாக அமைச்சு வாசலுக்கு வந்து, தன் புது வீட்டுக் கதவுக்குத் திறப்புக் கேட்டார். செயலாளர் அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதையைச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தாபகி அன்றைக்கு இரவு விருந்திலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

புரட்சி ஊர்வலம் அமைச்சைக் கடந்து போனபோது, முன் வரிசையில் வந்தவர்கள் அந்தத் தெற்குப்புறத்து ஆட்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கொத்தனாரும் அதில் இருந்திருப்பார் என்று அத்தாபகி நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அமைச்சரைச் சுட்டார்கள். துணையமைச்சர் ஒரு ஆட்டு வியாபாரியோடு மலை தாண்டித் துருக்கிக்குப் போனார். மனைவி அங்கே நோயில் இறந்தாள். மகள் அமெரிக்காவில். மதத்தின் பெயரால் எல்லாவற்றையும் இழந்த மனிதர் மதத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கேட்டால், அது என்னுடைய அமைச்சுக்குக் கீழே வருவதில்லை என்பார். முஸ்லிம் என்று எண்ணி எங்கள் ஆட்கள் பன்றியிறைச்சியை அவர் கண்ணில் படாமல் மறைத்துச் சாப்பிட்டார்கள். அவர் கறுப்பு ரொட்டியில் பன்றி ஈரல் கூழைத் தடித்துப் பூசிச் சாப்பிட்டபடி, இவர்கள் ஏன் ஒளிக்கிறார்கள் என்று யோசித்தார்.

1988 முழுக்கக் குருசுமுத்துவின் விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. கோப்பி நேரத்தில் அத்தாபகி விசாரித்தார். நிறைய வேலை, கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்கள் என்றார் குருசுமுத்து. மற்றத் தமிழருக்கு? அவர்களுக்கும் அப்படித்தான். யாருக்காவது கிடைத்ததா? ஒருவருக்கும் இல்லை. அத்தாபகி கோப்பையைக் கீழே வைத்தார்.

“தாமதம் என்றால் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. ஒருவருக்குமே கிடைக்காவிட்டால் அது தாமதம் இல்லை. மேலே யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.”

அதே மேசையில் கோப்பி குடித்த யேசுரட்ணம் சிரித்தார். இது உம்முடைய நாடு இல்லை, டென்மார்க், இங்கே சட்டம் இருக்கிறது என்றார். சட்டம் எங்களிடமும் இருந்தது என்றார் மந்திரியார். டென்மார்க்கின் நீதியமைச்சரே எங்கள் குடும்ப விண்ணப்பங்களை நிறுத்தச் சொல்லியிருந்தார் என்பது பிறகு நாடு முழுக்கத் தெரிந்த கதை. அதை விசாரித்துத் தடித்த அறிக்கையாக எழுதி முடித்தபோது 1993 பிறந்திருந்தது. அரசாங்கம் பதவி விலகியது. அன்றைக்கு எங்களில் பலர் பெருமைப்பட்டோம், சிலர் பயந்தோம். நாங்கள் வந்து ஒரு அரசாங்கத்தை விழுத்திப்போட்டோம் என்று அயலவர் நினைப்பார்களோ என்ற பயம். அத்தாபகி இரண்டையும் செய்யவில்லை. சில காகிதங்களை நிறுத்தினதுக்கு ஒரு அரசாங்கம் போகிற நாடு எவ்வளவு நிதானமான நாடு என்று மட்டும் சொன்னார். அவருடைய நாட்டில் காகிதத்தை நிறுத்தியவர் ஒருவரும் பதவி விலகியதில்லை. அதனால் எல்லாரும் ஒரே நாளில் போகவேண்டி வந்தது.

ஆனால் இந்தக் கதை 1989 வசந்தத்தில் நடந்தது. நிறுத்தி வைத்த விண்ணப்பங்களை அப்போது மறுபடி நகரவிட்டிருந்தார்கள். குருசுமுத்துவுக்கு அனுமதி கிடைத்தது. கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்த குடும்பத்துக்கு விமானச் சீட்டும் ஆயிற்று. வருடக்கணக்காக நகராத காரியம் மூன்று கிழமையில் ஓடி வந்தபோது, அவர்களை எங்கே இருத்துவது என்பதற்கு விடை இல்லை. குருசுமுத்து யேசுரட்ணத்தோடும் இன்னும் இரண்டு இளைஞரோடும் ஒரு வீட்டில் இருந்தார். ஒரு அறையில் இரண்டு கட்டில். கொம்யூனில், அதாவது நகரசபையில், குடும்பத்துக்கு வீடு கேட்டால் வரிசை நீளம். அதுவரை தூரத்தில் பிரெடெரிசியாப் பக்கத்தில் ஒரு விடுதியில் தாயையும் பிள்ளைகளையும் வைக்கலாம் என்றார்கள். மாலை ஷிப்ட் செய்கிறவன் அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் போய்வரலாம். கடைசிப் பிள்ளைக்குத் தகப்பனின் முகம் படத்தில் மட்டும்தான் தெரியும்.

பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசுமுத்து அத்தாபகியிடம் நல்ல செய்தியைச் சொல்லப் போனார். மந்திரியார் இரண்டறை வீடொன்றில் தனியே இருந்தார். நாட்டை விட்டு ஓடிய பிறகு உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு அவருக்குக் கிடைத்தது அங்கேதான். சுவருக்குத் தானே தேடித் தேடி மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார். தேத்தண்ணி வேண்டுமா என்றார். வேண்டாம், இப்பத்தான் குடித்தனான் என்றார் குருசுமுத்து. மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம். மூன்றாம் முறை குடித்தார். இந்த விஷயத்தில் மன்னாருக்கும் ஈரானுக்கும் ஒரு பிணக்கும் இருந்ததில்லை.

குருசுமுத்து சுற்றிப் பார்த்தார். யன்னலால் வெயில் விழுந்தது. நல்ல வீடு என்றார், மரியாதைக்கு.

அத்தாபகி நெஞ்சில் கை வைத்தார். “உங்களுடையது கூரோஷ். மனைவி பிள்ளைகளோடு வந்து இருங்கள்.”

தன்னிடம் உள்ள பொருளை ஒருவர் புகழ்ந்தால் அது புகழ்ந்தவருக்கே உரியது என்று சொல்வது அவருடைய நாட்டு வழக்கம். புகழ்ந்தவர் ஐயோ வேண்டாம், நீங்கள் இதில் நீண்ட காலம் வாழவேண்டும் என்று சொல்வார். காரியம் அதோடு முடியும். தேத்தண்ணிக்கு இரண்டு தரம் மறுத்த குருசுமுத்து வீட்டுக்கு ஒரு தரம்கூட மறுக்கவில்லை. எழும்பி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணால் நீர் வழிந்தது. பிறகு, எப்ப வரலாம் என்று கேட்டார்.

அத்தாபகி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து வைத்தார். விமானம் எந்த நாள் என்று கேட்டார்.

அந்தக் கிழமை குருசுமுத்து வெளிச்சமான மனிதராகத் திரிந்தார். கத்தோலிக்கக் கோயிலில் ஒரு டேனிஷ் குடும்பம் அடுக்குக் கட்டில் கொடுத்தது. யேசுரட்ணம் ஹேர்னிங்கில் பிற்ஸாக் கடை வைத்திருந்த ஒரு ஈரானியரிடம், உங்கடை ஆள் பெரிய மனசுக்காரன் என்று இதைச் சொல்லப்போக, கடைக்காரர் மாவுக் கையோடு சிரித்து, அது வெறும் மரியாதைப் பேச்சு என்று வழக்கத்தை விளக்கினார். அதைக் கொண்டுவந்து கொடுப்பதில் யேசுரட்ணத்துக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

“அந்தாள் வாயாலை குடுத்ததை நீர் கையாலை வாங்கிப்போட்டீர், அண்ணை.”

குருசுமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கு மாலை மடிக்கிற மேசைக்குப் போய், சுவெற்றர் குவியலுக்கு மேலால், தான் அறியாமல் ஓம் என்றுவிட்டேன் என்று சொன்னார். இருவருக்கும் இடையில் இருந்தது அரைகுறை டேனிஷ். அதில் மூத்தவருக்கு என்று தனிச்சொல் பழக்கத்தில் இல்லாதபடியால், குருசுமுத்து ஒவ்வொரு வசனத்திலும் ஒரு ஐயாவைச் செருகுவார். குடும்பத்தை விடுதியிலேயே வைக்கிறேன் ஐயா, நீங்கள் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றார்.

அத்தாபகி கையிலிருந்ததை மடித்து முடித்தார். “நான் சொன்னேனா, இல்லையா?”

“சொன்னீங்கள் ஐயா. ஆனால் அது...”

“நான் சொன்னதை நான் சொல்லவில்லை என்று சொல்ல நீ யார்?”

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மந்திரியார் கோபப்பட்டு அவர்கள் கண்டதில்லை. குருசுமுத்து இன்னொரு தரம், வேண்டாம் ஐயா என்றார். வந்து இரு என்றார் அவர். உங்களுக்குப் போக இடமில்லை, நான் மாட்டன் என்றார் குருசுமுத்து. வந்து இரு என்றார் அவர் மறுபடியும். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இப்போது மூன்று தரம் மறுத்துவிட்டாய். இனி எங்கள் ஊர் வழக்கப்படியும் அது உன்னுடைய வீடுதான். உன்னுடைய கட்டில் சும்மாதானே கிடக்கப் போகிறது?”

அவருக்கு அது லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டைக் காலி செய்த நாளில் உதவிக்குப் போனவர்கள், அவர் மஞ்சள் காகிதத்தில் கிளம்பியிருந்த ஒரு மூலையை விரலால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். கம்பளத்தை விட்டுவிட்டார். பிள்ளைகள் நிலத்தில் இருந்து விளையாடும் என்றார். தேத்தண்ணி குடிக்கிற கண்ணாடிக் கோப்பைகளை மட்டும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டார். சமூக அலுவலகப் பெண், ஒருவருக்குக் கொடுத்த வீட்டில் ஐந்து பேர் இருக்க முடியாது என்றாள். அவர்கள் என் விருந்தாளிகள், டென்மார்க்கில் விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறதா என்று கேட்டார் அத்தாபகி. அவள் யோசித்துவிட்டு, தனக்குத் தெரிந்து இல்லை என்றாள். அப்படியானால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார் என்பதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் எப்படியும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் அதிகம் கஷ்டப்பட்டது யேசுரட்ணம்தான். மிளகாய் வதக்கினால் மந்திரியார் யன்னலைத் திறந்தார், யேசுரட்ணம் மூடினால் மறுபடி திறந்தார். முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தைப் பழகி, பழகிய வேகத்திலேயே யேசுரட்ணத்தை வெல்லத் தொடங்கினார். மனுசன் தோட்டக்காரனாய் இருந்திருந்தால் இவ்வளவு கள்ளத்தனம் தெரிந்திராது, மந்திரிதான் என்று யேசுரட்ணம் ஒப்புக்கொண்டார்.

மேரிசெலின் பிள்ளைகளோடு வந்து இறங்கிய நாளில் பெஹ்ரூஸ் அத்தாபகி வீட்டு வாசலில் நின்று, திறப்பை அவளுடைய கையில் கொடுத்தார். கொம்யூன் அவர்களுக்கு வேறு வீடு கொடுக்க இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதுவரைக்கும் அவர்கள் ஐந்து பேரும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர் யேசுரட்ணத்தின் அறையில் குருசுமுத்துவின் கட்டிலில் படுத்தார்.