தோல் என்ன செய்தது?

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு மானேஜர். சுண்ணாம்பு அரித்த கால்களுக்குத் தடவ எண்ணெய் கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கி வரவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல்களை அன்றே எடுக்காவிட்டால் வீணாகிவிடும்.

மத்தியானம் எல்லோரும் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்தேன். அவர்களோ அந்தப் புண்கால்களோடு தொட்டியில் இறங்கித் தோல்களை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் வாசலுக்கே கிளம்பினார்கள்.

“இன்னா மாரி, வேலைக்குத் திரும்பிட்டீங்களா?” என்று அவர்களில் மாரி என்பவரைக் கேட்டேன்.

“இல்லீங்க. சண்டை உங்களோடதான். தோலு இன்னா பண்ணுச்சு?”

சாயங்காலமே எண்ணெய் வாங்கி வைத்தேன். அவர்கள் என்னை நம்ப வெகுகாலம் ஆயிற்று. நான் அவர்களை நம்ப அந்த மத்தியானமே போதுமானதாக இருந்தது.