எனக்காகக் கதை சொன்னவர்

தொடருக்குக் கதை எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. எழுதியதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி. தில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலர் டிவி வந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு பகுதியாகத் தொடர்கள் ஓடும். அந்த நேரத்தில் காய்கறிக்காரர்கூடத் தள்ளுவண்டியை யாராவது வீட்டு ஜன்னலோரமாக நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். நான் ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். ஒரு நாள் தொடர் முடிந்ததும், "இதைவிட நானே நல்லா எழுதுவேன்" என்று வாயை விட்டேன்.

"எழுதேன், யாரு வேணாங்குறா?" என்றார் கணவர். அவர் சிவகங்கைக்காரர், யாரையும் சீண்டிப் பேசுகிற ஆள் இல்லை. இருந்தாலும் அது எனக்குச் சவாலாகத்தான் காதில் விழுந்தது.

எங்கள் படிக்கட்டையே எழுதினேன். மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு, ஆறு குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு படிக்கட்டு. அதில் ஏறி இறங்கும்போது பேசுவது, சண்டை போடுவது, அக்கம்பக்கத்துக் கடுகெண்ணெய் வாசனைக்கு நாங்கள் மூக்கைப் பிடிப்பது, எங்கள் பெருங்காயத்துக்கு அவர்கள் பிடிப்பது, எல்லாம் பதின்மூன்று வாரத்துக்கு. வசனம் இந்தியில், ஆனால் ஆங்கில எழுத்தில். அப்போது தில்லியில் பலர் அப்படித்தான் எழுதினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. வசனம் என் பலம் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. பகல் முழுவதும் அடுத்தவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் பிடிக்கிற காது. மேல்வீட்டுப் பெங்காலி அம்மா எந்தச் சொல்லில் இழுப்பார், கீழ்வீட்டு ரயில்வேக்காரர் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் அத்துபடி.

கணவர் முழுவதையும் படித்தார். "எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காகளே. ஒருத்தராச்சும் சும்மா இருக்காகளா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருடைய ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கலாகவே விழுந்தது.

அரசு ஊழியர் வெளியில் எழுத வேண்டுமானால் இலாகா அனுமதி வேண்டும். அதற்கு மனுப் போட்டு, என் மனுவை நானே டைப் அடித்து, என் அதிகாரி முன் நானே வைத்து வாங்கினேன். பிறகு டிவி அலுவலகத்துக்குப் போனேன். எழுதினவர்கள் நேராக வரக் கூடாது, தயாரிப்பாளர் மூலமாகத்தான் வர வேண்டும் என்றார்கள். தயாரிப்பாளர் என்று பலகை மாட்டியிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "உங்களை அனுப்பினது யார்?" என்றார்கள். யாரும் அனுப்பவில்லை, நானேதான் வந்தேன் என்றதும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. தில்லியில் ஒருவர் தானாக வருவது என்பது சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

அப்போதுதான் எனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பது உறைத்தது. எதிர்ச்சாரி டீக்கடையில் அப்படி ஓர் ஆளும் இருந்தார். சஃபாரி சூட், கையில் ரெக்ஸின் பை. எந்தத் தயாரிப்பாளரும் தனக்கு வீட்டு மனிதர் மாதிரி என்றார். கதை என்ன என்று கேட்பார் என்று காத்திருந்தேன். எந்த அமைச்சகம் என்றுதான் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அக்கா மகன் எங்கள் அமைச்சகத்தின் கீழ் ஏதோ ஒரு ஆபீஸில் இருக்கிறானாம், கௌஹாத்தியிலிருந்து அவனுக்கு மாற்றல் வேண்டுமாம். "உங்க கதைக்கு நான் பேசறேன். எங்க பையனுக்கு நீங்க பேசுங்க." அடுத்த வாரம் நான் மறுபடி போனபோது என் கதையின் தலைப்பு அவருக்கு நினைவில்லை. பையனுடைய ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்பதை மட்டும் கவலையோடு விசாரித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் வழி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்தது. நாங்கள் காபிப்பொடி வாங்கும் கடையில் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், "நம்மகிட்ட பொடி வாங்குற ஒரு அம்மாவோட வீட்டுக்காரர் சீரியல் எடுக்கிறாராம். அவர் இந்திக்காரர், அந்தம்மா நம்ம ஊரு. சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான், காபிப்பொடி என்னை அனுப்பி வைத்தது.

அந்தத் தயாரிப்பாளர் மரியாதையான மனிதர். நான் நீட்டிய காகிதக் கட்டை வாங்கி மேஜை ஓரமாக வைத்தார். "படிக்கிறது அப்புறம். கதையைச் சொல்லுங்க" என்றார்.

என் உத்தியோகத்தில் பேசுகிறவர் அதிகாரி, எழுதுகிறவள் நான். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் யாரிடமும் நான் பேசியதே கிடையாது. மீட்டிங் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கிற மாதிரி, முதல் வீட்டில் இன்னார், இரண்டாம் வீட்டில் இன்னார் என்று ஒப்பித்தேன். அவர் பாதியில் டெலிபோனை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தார். பிறகு வைத்துவிட்டு, "ஆறு குடும்பம் சரி. இது யாருடைய கதை?" என்றார். படிக்கட்டுடைய கதை என்றேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. "நல்லா சொல்லத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை கேக்கறேன்" என்றார். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கமாம். எழுதுவது ஒருவர், சொல்வது ஒருவர். விசித்திரமாக இருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டிய நான், வேறொருவர் வாயில் என் கதை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

சொல்லத் தெரிந்தவர் என் தலைக்கு மேலேயே இருந்தார், இரண்டாம் தளத்தில். பஞ்சாபி அம்மா. நான் அவரை பஹன்ஜி, அதாவது அக்கா, என்பேன்; அவர் என்னை மதராஸ்காரி என்ற பொருளில் மதராசன் என்பார். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் அப்படித்தான். குளிர்கால விடுமுறை நாட்களில் எங்கள் பிளாக்குப் பெண்கள் எல்லோரும் புல்வெளியில் வெயில் காய உட்காருவோம். வேர்க்கடலை, முள்ளங்கி, ஸ்வெட்டர் ஊசி. பஹன்ஜி தான் பார்த்த மேட்னி சினிமாவைச் சொல்லுவார். கதை ஓட ஊசியும் ஓடும். முக்கியமான கட்டத்தில் ஊசி நின்றுவிடும், எங்கள் ஊசிகளும் தன்னால் நிற்கும். ஒரு தடவை அவர் சொன்ன படத்தை நான் தியேட்டரில் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வந்திருக்கிறேன். அவர் சொன்னதில் பாதி அதில் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும், "அச்சா! சினிமாக்காரனுக்கே கதையா?" என்று சிரித்தார். அவர் பேசியதெல்லாம் இந்தி, என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன். "முதல்ல எனக்குச் சொல்லு" என்றார். என் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் வினோதமாக இருந்தன. அடுத்து என்ன ஆகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. முதல் தளத்துப் பெண் கோபம் வந்தால் என்ன சமைப்பாள்? ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் எதைக் கீழே வைப்பாள்? எனக்குத் தெரியவில்லை. "எழுதினவளுக்கே தெரியலையா?" என்று கிண்டல் செய்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார்.

தயாரிப்பாளர் அலுவலகத்துக்கும் அந்த ஊசியும் நூலுமாகத்தான் வந்தார். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, பின்னிக்கொண்டே ஆரம்பித்தார். என் ஆறு குடும்பமும் அவர் வாயில் எழுந்து நடமாடின. தயாரிப்பாளர் டெலிபோன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து என் கதையை முதல் தடவையாகக் கேட்கிறவள் மாதிரி கேட்டேன். திடீரென்று ஊசி நின்றது.

"முதல் தளத்துக்காரி ஆபீஸிலிருந்து வருவாள். பஸ் அவளைப் பிழிஞ்சு போட்டிருக்கும். கையில காய்கறிப் பை. தன் வீட்டுக் கதவுக்கு ரெண்டு மூணு படி கீழே நின்னுடுவாள். கதவைத் தட்டினா திறப்பாங்க, நல்ல மனுஷங்கதான். ஆனா தட்ட மாட்டாள். அந்தப் படியிலேயே உட்காருவாள். கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை, எந்த சாகிபுக்கும் ஸ்டெனோ இல்லை. அப்புறம் எழுந்து, புடவையைத் தட்டி, முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு உள்ளே போவாள்."

இப்படி ஒரு காட்சியை நான் எழுதவே இல்லை.

"இப்பத்தான் இது ஒருத்தியுடைய கதை" என்றார் தயாரிப்பாளர். என் பக்கம் திரும்பி, "இந்தக் காட்சி ஸ்கிரிப்டில் எங்கே வருது?" என்றார். "ஒவ்வொரு வாரமும் வரும்" என்று பஹன்ஜி கூசாமல் சொல்லிவிட்டு ஊசியை ஓட்ட ஆரம்பித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "அது எங்கேர்ந்து வந்தது?"

"எங்கேர்ந்தா? தினமும் மேலேர்ந்து பார்க்கிறேனே. நீதான் உட்கார்றே."

எனக்குச் சுரீரென்றது. குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி வெட்கம், அதன்மேல் கோபம். கோபம் சரோஜினி நகர் தாண்டுவதற்குள் ஆறிவிட்டது. அப்புறம் ஆச்சரியம்தான் மிஞ்சியது. நான் உட்காருகிறேன் என்பது உண்மை. ஆனால் அதை நான் கவனித்ததே இல்லை. எல்லார் பேச்சையும் எழுதியவளுக்குத் தன் மௌனம் கண்ணில் படவில்லை.

மறுநாள் மாலை அந்தப் படியில் வேண்டுமென்றே உட்கார்ந்து, என்ன நினைக்கிறேன் என்று பிடிக்கப் பார்த்தேன். பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பாதத்தில் சிமென்ட்டின் குளிர்ச்சி தெரிந்தது. மேலே எங்கோ குக்கர் விசில். அவ்வளவுதான். அப்படியே வசனமில்லாமல் எழுதினேன். கணவர் படித்துவிட்டுக் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "இதுல யாருமே பேசலையே" என்றார். "ஆமாங்க" என்றேன். "இது நம்ம படியா?" என்றார். கதைதான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

முதல் பகுதியை மாதிரிக்காக எடுத்தார்கள். படப்பிடிப்புக்கு என்னையும் பஹன்ஜியையும் கூப்பிட்டிருந்தார்கள். நடிகை அந்தப் படியில் வெகு நளினமாக உட்கார்ந்தார். காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்தார். பொறுக்க முடியாமல் நான் எழுந்து போய், பையை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு உருண்டு கீழ்வீடுவரை போகும். டைரக்டர் சரி என்றார். முதலில் எதைக் கீழே வைப்பாள் என்ற பஹன்ஜியின் பழைய கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

பதின்மூன்று வாரத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. எடுத்த பகுதியை மட்டும் ஒரு ஞாயிறு மதியம் தனிப்படமாகப் போட்டார்கள். எங்கள் படிக்கட்டு முழுவதும் பஹன்ஜி வீட்டுக் கலர் டிவி முன்னால் கூடியிருந்தது. அந்தக் காட்சி வந்ததும் கடலை உடைக்கிற சத்தம் நின்றது. பெங்காலி அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கணவர் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிவில் என் பெயர் வந்தது, சட்டென்று போய்விட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் மகள் அதைத் தவறவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் மாலை வழக்கம்போல் அந்தப் படியில் கால் நின்றது. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. "அடுத்த கதையா?" என்று ரயில்வேக்காரர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். மேலிருந்து இறங்கிய பெங்காலி அம்மா சுவரோடு ஒட்டி, சத்தம் போடாமல் தாண்டிப் போனார். அதற்குள் எங்கள் கதவே திறந்துவிட்டது. காலடி கேட்டுக் கணவர் வந்து நின்றார். "பையைக் குடு. அரிசி வெச்சுட்டேன்" என்றார். உள்ளே குக்கர் விசிலடித்தது. இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? பையைக் கொடுத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். எனக்கு உட்கார இடமில்லை.

அந்த வாரக் கடைசியில் பஹன்ஜி மேலிருந்து குரல் கொடுத்தார். "மதராசன், மேலே வா." அவர் வீட்டைத் தாண்டி, மொட்டைமாடிக்குப் போகும் படிகளில் என்னை ஏற்றினார். மாடிக் கதவு பூட்டியிருந்ததால் அங்கே யாரும் வருவதில்லை. கடைசிப் படியில் மிச்ச நூல்களில் பின்னிய ஒரு விரிப்பு கிடந்தது. பல நிறம், நடுவில் நன்றாகத் தேய்ந்து குழிந்திருந்தது.

"இது என் படி" என்றார்.

நான் விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். "என்னைப் பார்த்துத்தான் சொன்னேன்னு சொன்னீங்களே."

"நீ உட்கார்றதை மேலேர்ந்து பார்க்கலாம். உள்ளே என்னன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியுமா?" விரிப்பைத் தட்டி நேராகப் போட்டார். "மத்தியானம் எனக்கு. சாயங்காலம் நீ வெச்சுக்கோ. ஒண்ணு மட்டும். இதை எழுதிடாதே."

அவர் இருந்தவரை நான் எழுதவில்லை.