கிண்டியிலிருந்து ஆட்டோவில் வந்த கன்று

அடையாறு சிக்னலில், ஹார்ன் இரைச்சலுக்கு நடுவே எங்கேயாவது ஒரு மாடு கத்தினால் போதும், இன்றைக்கும் என் கால் தானாக ஓடப் பார்க்கும்.

வெள்ள நிவாரணத்தில் மாடு கொடுக்கும் வேலைக்கு நான் வந்த முதல் நாள் அது. அடையாற்றில் ஆற்றோரக் குடியிருப்பில் பால் விற்றுப் பிழைத்த கஸ்தூரியின் மாடுகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அவளுக்காக எங்கள் அமைப்பு வாங்கிய கறவைப் பசு மதியமே வந்து இறங்கிவிட்டது. செவலை, நெற்றியில் வெள்ளை. மிதிபடக் கூடாதென்று கன்றைப் பின்னால் வேறு வண்டியில் ஏற்றியிருந்தோம். அந்த வண்டி கிண்டியில் டயர் வெடித்து நின்றுவிட்டது.

பசு கத்தியது. கஸ்தூரி தடவிக் கொடுத்தாள், தவிடு வைத்தாள், மடியைக் கழுவினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"கன்னு இல்லாம பாலை அடக்கிக்கினு நிக்குது மேடம். டீக்கடைக்காரரு சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குட்த்துகிறாரு. வரலன்னா பாக்கெட் பாலுக்கே போய்டுவேன்றாரு. அந்தக் கடையும் போச்சின்னா இதுக்குத் தீனி இன்னாத்தப் போடுவேன்?"

கிண்டிக்குப் பறந்தேன். கன்றை மார்போடு அணைத்தபடி ரோட்டில் நின்ற என்னைப் பார்த்து ஆட்டோக்கள் வேகம் கூட்டிப் போயின. ஒன்று மட்டும் நின்றது. ஓட்டியவர் காதர் பாய். தாடி முழுக்கச் சிரிப்பு.

"இன்னா மேடம், ஸ்கூல் சவாரியா?"

"இதோட அம்மா அடையாறுல கத்திக்கிட்டு நிக்குது பாய்!"

"அப்ப ஏறு, ஏறு!"

அந்தச் சவாரி! காற்று, புகை, பஸ்களுக்கு இடையில் கிடைத்த சந்தெல்லாம் எங்கள் பாதை. மடியில் நாலு காலும் நடுங்கும் சின்ன உயிர், அதன் மூச்சில் பால் வாசம். கன்று எட்டி, காதர் பாயின் கழுத்தை நக்கியது.

"டேய் நைனா, பிரேக்கு புடிக்க உடுடா!"

தெரு திரும்பும்போதே கன்று குரல் கொடுத்தது. அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது! இறக்கிவிட்டதும் விழுந்து, எழுந்து, ஓடி, தாயின் மடியில் முட்டியது. பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. மடி விம்மியது. கஸ்தூரி கன்றைக் கொஞ்சம் குடிக்கவிட்டு, மெல்ல விலக்கி உட்கார்ந்தாள். சர்ர், சர்ர்! பாத்திரத்தில் நுரை, நுரைமேல் நுரை. காதர் பாய் விசிலடித்தார். நாற்பதைத் தாண்டிய நான் குதித்தேன்.

டீக்கடைக்காரர் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "காலைலயும் ஊத்திடு கஸ்தூரி" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பசுவையும் கன்றையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கள், நடுவே ஒரு பலகை போதும். கன்று வந்து சேரும்வரை மாடு கொடுத்தாயிற்று என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

அன்று நான் கிளம்பும்போது, என் வீடும் பக்கத்தில்தான் என்று தெரிந்ததும், கஸ்தூரி வழியனுப்ப வாசல்வரை வந்தாள்.

"நாளைக்கு சொம்பு எட்த்துக்கினு வா மேடம். ஓசிலாம் கெடையாது, துட்டு குட்த்து வாங்கிக்கினு போ!"