கிணற்றில் பார்க்க என்ன இருக்கிறது

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் கருப்பு ரப்பர் மாஸ்க் ஒன்று இருக்கிறது. கடலுக்கு அடியில் நீந்துகிறவர்கள் கண்ணையும் மூக்கையும் மூடி மாட்டிக்கொள்வது. முழு மாஸ்க் அல்ல, மூக்கின் நடுவே வெட்டிய இரண்டு பாதிகள். கண்ணாடி கிடையாது. ரப்பர் விறைத்து ஓரங்களில் வெடித்துவிட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு அதை நான் வெளியே எடுத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எடுக்க நேர்ந்தது.

மருமகன் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். வருடக் கடைசி விடுமுறையில் அவனும் என் மகளும் கடலுக்கு அடியில் முழுகிப் பார்க்கப் போகிறார்களாம். ஆறு தீவுகளின் பெயர்களைப் போனில் அனுப்பியிருந்தான். நான்கு வெப்பக் கடல் தீவுகள், இரண்டு குளிர்க் கடல் தீவுகள். கீழே, ‘மாமா, டேபிள் போடறதுல நீங்க கில்லாடி. எந்தத் தீவுன்னு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க’ என்று எழுதி ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தான். பிள்ளைமேல் தப்பில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதில் ஒரு துளியும் குறையவில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

1991ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பினால் என் பங்கை நானே குறைத்துச் சொல்லிவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தா, டைப் அடிப்பதும் நான்தான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போவேன். வழியில் இருபுறமும் வயல், எங்காவது ஒரு கம்பெனிச் சுவர், மறுபடி வயல். நாங்கள் செய்தது இந்த மாஸ்க்கைத்தான். எல்லாம் வெளிநாட்டில் மொத்தமாக வாங்குகிற ஒரே ஒரு பையருக்குப் போனது. செய்கிற எங்களில் ஒருவரும் அதை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் இல்லை. சரக்கில் சிறு குறை இருந்தாலும் ரிஜெக்ட். பையருடைய முத்திரை பதித்த குறைச் சரக்கு ஒன்றுகூடக் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. அதனால் மாதக் கடைசி சனிக்கிழமை ரிஜெக்ட்டுகளின் கண்ணாடியைக் கழற்றி உடைத்துவிட்டு, ரப்பரை மூக்கின் நடுவே தகரம் வெட்டும் கத்தரியால் இரண்டாக வெட்ட வேண்டும். பதிவேட்டில் உள்ள எண்ணும் வெட்டிய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். வெட்டுகிற வேலையும் எண்ணுகிற வேலையும் என்னுடையவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒருமுறைகூட எண் பிசகியதில்லை.

கம்பெனி வாங்கிய நிலத்தில் ஒரு பழைய பாசனக் கிணறு இருந்தது. பாய்லருக்கும் அச்சுகளைக் குளிர்விக்கவும் அதிலிருந்துதான் தண்ணீர். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் கம்பிக் கூடு போட்ட ஃபுட்வால்வு, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற மூடி, உண்டு. மாஸ்க்கின் விளிம்பில் நறுக்கி எறிகிற ரப்பர்ப் பிசிறு காற்றில் பறந்து கிணற்றில் விழும். அது அடியில் இறங்கி அந்தக் கூட்டை அடைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை மின்சாரம் இல்லாத நாள், மோட்டார் ஓடாது. அன்று பம்ப்காரர் உள்ளே முழுகி, கையால் பிசிறைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார்.

பம்ப்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிட்டோம். வடக்குப்பட்டுக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனிப் புத்தகத்தில் வெறும் ஹெல்ப்பர். இருபது அடி தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு அந்தப் புத்தகத்தில் வேறு பெயர் இல்லை. ரப்பரைக் கழுவிய கழிவு நீர் கிணற்றோரமாக ஓடியது. அதில் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே வந்தது. அந்தத் தண்ணீரில் கண்ணைத் திறந்தால் மிளகாய்ப் பொடி தூவினாற்போல எரியும் என்பார். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவியே வேலை செய்வார். மேலே துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும் என்று பேச்சு. வாட்ச்மேனுக்கு வேறு வேலை இல்லாத அன்று நிற்பார்.

அந்த வருடம் கம்பெனி முதலாளியான எம்.டி.க்குக் கடலில் முழுகும் ஆசை வந்தது. பையர் அவருக்கு ஏதோ ஓட்டல் நீச்சல் குளத்தில் இரண்டு நாள் கற்றுக் கொடுத்திருந்தார். விடுமுறைக்கு ஏதாவது ஒரு தீவுக்குப் போய் இருவரும் ஒன்றாக முழுகலாம், இடத்தை நீயே சொல் என்றும் சொல்லிவிட்டார். எம்.டி. என்னிடம் இரண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் ஒரு கையேட்டையும் கொடுத்து, ‘நீ ஒழுங்கா செய்வ, ஒரு கம்பேரிசன் போடு’ என்றார். மூன்று வாரம் அந்த வேலையைச் செய்தேன். மாலத்தீவு, மொரீஷியஸ், பிஜி ஒரு பக்கம். டாஸ்மேனியா, நியூசிலாந்தின் தெற்குத் தீவு, அசோர்ஸ் மறுபக்கம். நீரின் வெப்பம், எவ்வளவு தூரம் கண் தெரியும், நீரோட்டம், ஏற்ற மாதம், பார்க்கக் கிடைப்பவை, குறிப்பு என்று ஆறு பத்திகள். வெப்பக் கடலில் பவளமும் நிறநிறமாக மீனும். குளிர்க் கடலில் தென்னை உயரத்துக்கு வளரும் கடற்பாசிக் காடு. கையேட்டில் இருந்த பாதுகாப்பு விதிகளையும் தனித் தாளில் டைப் அடித்தேன். மருத்துவர் பார்க்காமல் இறங்காதே. தனியாக ஒருபோதும் இறங்காதே. துணை உன் கண்ணில் படும்படி இருக்கட்டும். மனதில் சந்தேகம் இருந்தால் இறங்காதே. இவற்றை டைப் அடித்த நாள் ஒரு வியாழக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே கிணற்றடியில் வாட்ச்மேன் இல்லை. நாட்குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் பம்ப்காரர் ஈரத் தலையோடு ஸ்டோருக்கு வந்தார். இரண்டு கண்ணும் செக்கச் சிவந்திருந்தன.

“இன்னா தம்பி, பெரிய லிஸ்ட்டா கீது?”

“எம்.டி. லீவுக்கு எந்தத் தீவுக்குப் போறதுன்னு பாக்கறோம்ணா. கடலுக்கு அடியில முழுவறதுக்கு.”

“காசு குடுத்தா முழுவப் போறாரு?” விழுந்து விழுந்து சிரித்தார். “என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வியாழக்கெழம வரச் சொல்லு. ஓசில முழுவலாம்.”

சிரிப்பு அடங்கியதும் படிக்கச் சொன்னார். மாலத்தீவில் தொடங்கினேன். வெதுவெதுப்பான நீர், கண்ணாடி போலத் தெளிவு என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது வாணாம் தம்பி. வெதுவெதுன்னு தெளிவா கீற தண்ணி ஏமாத்தும். தரை தோ கைக்கு எட்டற மாதிரியே தெரியும், நீ போய்க்கினே இருப்ப. எவ்ளோ ஆழம் வந்துட்டோம்னே தெரியாது. சில்லுனு கீற தண்ணி அப்டி இல்ல. எறங்க எறங்க, டேய் ஆழத்துக்கு வந்துட்டடான்னு சொல்லிக்கினே இருக்கும். புது ஆளு சில்லுத் தண்ணியிலதான் முழுவணும்.”

இரண்டு பத்திரிகையிலும் கையேட்டிலும் இதை யாரும் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்னதை ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்திக் குறிப்புப் பத்தியில் டைப் அடித்தேன். தெளிந்த வெப்ப நீர் ஆழத்தை மறைக்கும், குளிர்ந்த நீர் ஆழத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அவர் எழுந்து போகும்போது வாசலில் நின்று, கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “தம்பி, அந்த ரிஜெக்ட்டுல ஒண்ணு எனக்குத் தேறுமா? எரிச்சல் தாங்கல. கூட்டுல கம்பி வேற துருப்புடிச்சி அங்கங்க நீட்டிக்கினு கீது. கண்ண மூடிக்கினு கைய வுட பயமா கீது.”

பட்டை ஓரத்தில் ஒரு சிறு கொப்புளம், அவ்வளவுதான் குறை, அப்படி ஒரு மாஸ்க்கை எடுத்து என் இழுப்பறையில் வைத்தேன். எம்.டி.யிடம் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னேன். கேட்காமலே கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் பதிவேட்டில் ஓர் எண் பிசகியிருக்கும்.

பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். எம்.டி. நின்றபடியே படித்தார். குறிப்புப் பத்தியில் அவர் விரல் நின்றது. “அருமையான பாயின்ட். யார் சொன்னது?” அவருடைய விடுமுறைத் தாளை ஒரு ஹெல்ப்பரிடம் படித்துக் காட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். பயமும்தான். “ஒரு புத்தகத்துல படிச்சேன் சார்” என்றேன். “அப்ப டாஸ்மேனியாதான்” என்று அங்கேயே முடிவு செய்தார். அவருக்கு மனம் நிறைந்திருந்தது. இதுதான் சமயம் என்று மாஸ்க் பேச்சை எடுத்தேன். கிணற்றில் முழுகுகிற ஆளுக்கு ரிஜெக்ட்டில் ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். “அவனுக்கு எதுக்குப்பா மாஸ்க்? கிணத்துல பார்க்க என்ன இருக்கு?”

உங்கள் தீவைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான் சார் என்று ஒரு வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த மனநிலையில் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். இதை நான் ஊகமாக எழுதவில்லை. பாராட்டு வந்தால் கை தாராளமாகிற மனிதர் அவர். நான் “சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. பதிவேட்டில் நாற்பத்தொரு ரிஜெக்ட். பெட்டியில் நாற்பது. நாற்பதையும் வெட்டினேன். பிறகு இழுப்பறையைத் திறந்து நாற்பத்தொன்றாவதையும் எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி உடைத்தேன், ரப்பரை வெட்டினேன். யாரும் என்மேல் கத்தவில்லை, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. எண் ஒத்துப்போனது. அந்த இரண்டு பாதிகளை மட்டும் கழிவு மூட்டையில் போட மனம் வராமல் பையில் வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு இரக்கம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை எம்.டி. விமானம் ஏறினார். வியாழக்கிழமை பம்ப்காரர் கண்ணை மூடிக்கொண்டு கூட்டைத் தடவும்போது நீட்டியிருந்த கம்பி இமையைத் துளைத்து வலக்கண்ணில் ஏறியது. அந்த நிலையிலும் பிசிறைப் பிடுங்கிவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறார். ஒரு கையால் முகத்தைப் பொத்தியபடி, மறுகையில் கருப்புப் பிசிறோடு படியேறி வந்ததை நான் பார்த்தேன். கம்பெனி வேனில் சென்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. விபத்துப் பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ‘தொழிலாளியின் கவனக்குறைவுன்னு போடு’ என்றார் சூப்பர்வைசர். போட்டேன். பிழையில்லாமல் போட்டேன்.

எம்.டி. திரும்பி வந்து கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினார். வெள்ளைச் சுவரில் பச்சைத் தண்ணீர், உயர்ந்து ஆடும் பாசிக்காடு, அதன் நடுவே நாங்கள் செய்த மாஸ்க்கோடு அவர் முகம். ஏன் குளிர்ந்த கடலைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா என்று தொடங்கி, வெப்ப நீர் ஆழத்தை மறைக்கும், குளிர்ந்த நீர் நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் பம்ப்காரர் இருந்தார். கண்ணில் இன்னும் பஞ்சுக்கட்டு. குனிந்து என் காதோரம் மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, அது நான் சொன்னதுதான?”

நான் தலையாட்டினேன்.

“ஊர் சுத்திட்டு வந்துக்கீது, பாரு” என்று சிரித்தார். அதில் கேலி மட்டும்தான் இருந்தது. என்மேல் கோபப்பட்டிருக்கலாம். மாஸ்க் என்ன ஆயிற்று என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவரைக் கேட் காவலுக்கு நிற்க வைத்தார்கள். ஒரே மாதத்தில் தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற பம்ப் வந்து இறங்கியது. ஃபுட்வால்வு தேவையில்லை, யாரும் முழுகவும் தேவையில்லை. வாங்கியிருக்க முடியும். அவ்வளவு சுலபமாக, எப்போது வேண்டுமானாலும் வாங்கியிருக்க முடியும். அன்றைய நாட்குறிப்பில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. நான் அழுத்தி எழுதுகிறவன் அல்ல.

இரண்டு வருடத்தில் அந்த வேலையை விட்டேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. தேடிப் போகவில்லை என்பதுதான் சரியான வாக்கியம். அந்தக் கிணறு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மருமகன் தினமும் அதைக் கடந்துதான் ஷிஃப்டுக்குப் போகிறான்.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அவனுக்குப் பட்டியல் போட்டேன். ஆறு தீவுகள், ஆறு பத்திகள். குறிப்புப் பத்தியில் அதே வாக்கியத்தை எழுதினேன், இந்த முறை அவர் சொன்ன சொற்களிலேயே. கீழே, சொன்னவர் வடக்குப்பட்டு பம்ப்காரர் என்றும் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘சூப்பர் மாமா, அப்ப கோல்டு வாட்டர்தான். யாரு அவரு, டைவிங் கோச்சா?’

இதைத்தான் அவனுக்குப் பதிலாக எழுதத் தொடங்கினேன். நீண்டுவிட்டது. இரண்டு பாதிகளும் இப்போது என் எதிரே, மேஜைமேல் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ரப்பர் இத்தனை வெடித்த பிறகும் நடுவில் இடைவெளி தெரியவில்லை. அவ்வளவு நேராக வெட்டியிருக்கிறேன்.